லிங்சி டப்பாவைத் திறப்பதற்கு முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் பெட்டியில் கோடாலித் தைலமும் மைலோவும் இருப்பது பழைய வழக்கம். இப்போது அதோடு லிங்சி காப்பிப் பாக்கெட்டும் ரெய்ஷி கேப்சூல் டப்பாவும் சேர்ந்துகொண்டன. "ஆச்சி, சுகருக்கு ரொம்ப நல்லதுன்னு அங்கே எல்லாரும் சாப்பிடுறாக" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். டப்பா அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று தெரியாது.

முடிவு செய்ய நான்கு கேள்விகள் போதும். உள்ளே இருப்பது எந்தக் காளான்? அந்தக் காளானில் எந்தப் பாகம்? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உள்ளே போகிறது? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு மோதுமா? முதல் மூன்றுக்கு டப்பாவே பதில் சொல்ல வேண்டும். சொல்லாத டப்பாவை ஓரங்கட்டிவிடலாம். நான்காவதற்கு டாக்டரோ மருந்தாளரோ பதில் சொல்ல வேண்டும்.

எந்தக் காளானுக்கு எவ்வளவு சான்று

இந்தப் பக்கம் அதிகம் வந்து சேர்வது ரெய்ஷிதான். லிங்சி, கனோடெர்மா என்பதெல்லாம் அதன் மறுபெயர்கள். மரத்தில் வளரும்; மேலே அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும்; கட்டைபோல் கெட்டி, நல்ல கசப்பு. குழம்பில் போடுகிற காளான் இல்லை. சீனர்கள் அதை நறுக்கிக் காயவைத்து, கஷாயமாகக் காய்ச்சிக் குடித்துவந்தார்கள். சீன அரசின் மருந்துத் தொகுப்பு சொல்லும் அளவு நாளுக்கு 6 முதல் 12 கிராம் காய்ந்த காளான். 

சுகருக்கு நல்லது என்ற பேச்சைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டைப் 2 சர்க்கரை நோயும் அதோடு சேர்ந்த வளர்சிதைக் கோளாறும் உள்ள 84 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நாளுக்கு 3 கிராம், 16 வாரம். ஒரு பகுதியினருக்கு ரெய்ஷி, ஒரு பகுதியினருக்கு ரெய்ஷியோடு கார்டிசெப்ஸ் என்ற இன்னொரு காளான், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத டம்மி கேப்சூல். வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் சரி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யிலும் சரி, டம்மி சாப்பிட்டவர்களைவிட மற்றவர்களுக்குக் குறையவில்லை. அதற்கு முந்தைய வருஷம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 5 ஆய்வுகளை, மொத்தம் 398 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தும் இதே முடிவுக்குத்தான் வந்தது. ஆகவே சுகருக்காக ரெய்ஷி வாங்க வேண்டியதில்லை. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

புற்றுநோய்க்கு என்று சொல்லப்படுவது கொஞ்சம் வேறு மாதிரி. 5 ஆய்வுகள், 373 பேர் என்று காக்ரேன் தொகுத்த இன்னொரு அறிக்கையின்படி, கீமோ அல்லது கதிர்வீச்சோடு சேர்த்து ரெய்ஷி கொடுத்தபோது சிகிச்சைக்கு உடல் கொஞ்சம் நன்றாக ஒத்துழைத்தது. ரெய்ஷி மட்டும் தனியாகக் கட்டியைச் சுருக்கியதற்குச் சான்று இல்லை. ஆய்வுகளின் தரமும் சுமார்தான். கீமோவை நிறுத்திவிட்டு லிங்சிக்கு மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சான்று பலமாக இருப்பது வேறொரு காளானுக்கு, டர்க்கி டெயிலுக்கு. அதிலிருந்து பிரித்தெடுத்த பிஎஸ்கே என்ற பொருளை ஜப்பான் 1977-லேயே மருந்தாக அங்கீகரித்தது. 1994-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இரைப்பைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்த 262 பேர். கீமோ மட்டும் பெற்றவர்களில் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 60 சதவீதம்; கீமோவோடு பிஎஸ்கேயும் பெற்றவர்களில் 73 சதவீதம். ஷிட்டாக்கே காளானிலிருந்து எடுத்த லென்டினானையும் 1985-ல் அங்கே அனுமதித்தார்கள், ஊசி மருந்தாக. விளம்பரத்தில் "ஜப்பான் ஆஸ்பத்திரிகளில் பயன்படுவது" என்று வருவது இதைத்தான். அது அளவு நிர்ணயித்த மருந்து, கீமோவோடு சேர்த்து டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தது. நம் வீட்டுக்கு வந்த கேப்சூலுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

ஞாபக மறதிக்கு என்று லயன்ஸ் மேன் வருகிறது. சிங்கத்தின் பிடரிபோல் வெள்ளையாகத் தொங்கும் காளான். 2009-ல் வந்த ஜப்பானிய ஆய்வில் 50 முதல் 80 வயதுள்ள, லேசான மறதி இருந்த 30 பேர். 250 மி.கி. மாத்திரை வேளைக்கு நான்காக மூன்று வேளை, அதாவது நாளுக்கு 3 கிராம், 16 வாரம். சாப்பிட்டவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்தி நான்கு வாரத்தில் மறுபடி இறங்கியது. நம்பிக்கை தரும் ஆய்வுதான், ஆனால் 30 பேர் என்பது ஒரு வகுப்பறைக் கூட்டம். நல்ல தயாரிப்பாக இருந்து, வேறு தடையும் இல்லையென்றால், நான்கு மாதம் முயன்று பார்ப்பதைத் தவறென்று சொல்லமாட்டோம்.

கார்டிசெப்ஸ்: உத்தராகண்ட் மலையில் கீடா ஜடி என்று பொறுக்குவது, கிலோ லட்சக்கணக்கில் விற்பது. கேப்சூலில் அது இருக்காது. தொட்டியில் வளர்த்த இனமோ, நொதிக்கவைத்து வளர்த்த காளான் நூலிழையோதான் இருக்கும். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு 5 வாரம் கொடுத்துப் பார்த்ததில் பயன் தெரியவில்லை. காட்டில் பொறுக்கியதில் ஆர்சனிக் அளவு அதிகம் என்று சீன அரசே 2016-ல் எச்சரித்தது. சாகா என்ற இன்னொரு காளானைப் பற்றிக் கீழே, சிறுநீரகம் பற்றிச் சொல்லும்போது வரும்.

லேபிளும் கணக்கும்

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் படத்துக்கு, பின்பக்கம்தான் சரக்குக்கு.

முதலில் பாகம். காளானின் குடையும் தண்டும் சேர்ந்தது கனியுடல். அடியில் வேர்போலப் பரவும் வெள்ளை நூலிழைக்கு மைசீலியம் என்று பெயர். மலிவான தயாரிப்பில் அரிசி அல்லது ஓட்ஸ் மேல் மைசீலியத்தை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுவார்கள். அப்போது உள்ளே கணிசமாக இருப்பது மாவு. தானியம் இல்லாமல் திரவத்தில் வளர்த்த மைசீலியம் வேறு, அதைக் குறை சொல்ல முடியாது. லேபிளில் மைசீலியம் என்று மட்டும் இருந்து, எதன்மேல் வளர்த்தது என்று இல்லாவிட்டால் தானியமாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சதவீதம். "பாலிசாக்கரைடு 40%" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான். தேட வேண்டிய சொல் பீட்டா குளுக்கான், காளானின் செல்சுவரில் உள்ள நார்ச்சத்து. அதன் சதவீதம் தனியாக இருந்தால், அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு கணக்கு. 500 மி.கி. கேப்சூல் 60 உள்ள டப்பாவில் மொத்தம் 30 கிராம். லேபிள் தினம் இரண்டு என்கிறது: 1 கிராம், டப்பா ஒரு மாதம் வரும். மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுத்தது 3 கிராம். அந்த அளவுக்குத் தினம் ஆறு வேண்டும், டப்பா பத்தே நாளில் காலி. மாதம் மூன்று டப்பாக் காசு போட மனமில்லையென்றால், ஆய்வைக் காட்டி விற்றதை ஆய்வின் மூன்றில் ஒரு பங்கு அளவில் சாப்பிடுகிறீர்கள். "10:1 சாறு" என்று இருந்தால் பத்து கிராம் காளானைக் காய்ச்சி ஒரு கிராமாக்கியது என்று அர்த்தம். அப்போது கணக்கு மாறும். ஆனால் எந்தக் கரைப்பானில் எடுத்தது, பீட்டா குளுக்கான் எவ்வளவு மிஞ்சியது என்பது இல்லாமல் அந்த விகிதம் மட்டும் உதவாது.

லிங்சி காப்பிக்கு இவ்வளவு கணக்கும் வேண்டாம். பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். சர்க்கரையும் பாலுக்குப் பதில் போடும் கிரீமரும் முதல் இரண்டு இடத்தில் இருந்து, கனோடெர்மா கடைசியில் இருந்தால் அது இனிப்புக் காப்பி. சுகருக்கு நல்லதென்று தினம் இரண்டு பாக்கெட் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும்.

இந்தியாவில் விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் வேண்டும். அரசின் ஃபாஸ்காஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியும் இருக்க வேண்டும். அதே டப்பாவோடு வந்த நோட்டீஸில் சர்க்கரை குணமாகும், புற்று குணமாகும் என்று அச்சிட்டிருந்தால், மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருஷச் சட்டப்படியே அது தடைசெய்யப்பட்ட விளம்பரம். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரத்தில் இதெல்லாம் அச்சில் வருவதில்லை, வளவில் உட்கார்ந்து வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

மாவு இருக்கிறதா: அயோடின் சோதனை

இதை அடுப்பங்கரையிலேயே செய்யலாம். மெடிக்கல் ஷாப்பில் டிங்சர் அயோடின் சின்ன பாட்டில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் கரைசல், களிம்பு வேண்டாம். நிறம் சற்று மங்கலாக வரும், ஆனால் வரும்.

மூன்று வெள்ளைக் கிண்ணம். ஒன்றில் ஒரு சிட்டிகை அரிசி மாவு, இரண்டாவதில் இரண்டு கேப்சூலைப் பிரித்துக் கொட்டிய தூள், மூன்றாவது காலி. கேப்சூல் ஓட்டைச் சேர்க்காதீர்கள். மூன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றிக் கலக்கி, 20 நிமிடம் ஆறவிடுங்கள். ஆறியே ஆக வேண்டும்: மாவுச்சத்தின் சுருள் இழைக்குள் அயோடின் போய் உட்காரும்போதுதான் நீலம் தெரியும், சூட்டில் அந்தச் சுருள் பிரிந்து நிறம் மறைந்துவிடும். சூடாக இருக்கும்போதே ஊற்றிப் பார்த்து "மாவே இல்லை" என்று சொல்லிவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தப்பு.

அயோடினைத் தண்ணீர் விட்டு டீ நிறத்துக்கு நீர்க்கச் செய்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று சொட்டு விடுங்கள். அரிசி மாவுக் கிண்ணம் மைக்கறுப்பாகும். காலிக் கிண்ணம் டீ நிறத்திலேயே இருக்கும். காளான் கிண்ணம் எதன் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மைக்கறுப்பு என்றால் தானியமோ மாவோ நிறையக் கலந்திருக்கிறது. பழுப்பு, செம்பழுப்பு என்றால் பரவாயில்லை.

வைட்டமின் சி சேர்த்த கேப்சூல் அயோடினின் நிறத்தையே உறிஞ்சி வெளுக்கவைத்துவிடும், அதில் இந்தச் சோதனை செல்லாது. காப்பித் தூளில் நிறமே தெரியாது. கறுக்கவில்லை என்பதற்காக உள்ளே சரியான காளான்தான் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷி தயாரிப்புகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் சொன்னது உள்ளே இருந்தது 5-ல் மட்டும். சோதித்த கிண்ணங்களை உடனே கொட்டிக் கழுவிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் முக்கியமாக.

யார் தொடவே கூடாது

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் ரெய்ஷியைத் தவிர்க்க வேண்டும். ரத்தத் தட்டுகள் ஒட்டுவதை அதுவும் குறைக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல் என்று ஆரம்பிக்கும். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எந்த மருத்துவக் காளானையும் தொடக்கூடாது. மாத்திரை அடக்கிவைத்திருப்பதைக் காளான் தூண்டிவிட்டால் மாற்றிய உறுப்புக்கே ஆபத்து. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சின்னப் பிள்ளைகளும் வேண்டாம்.

கல்லீரல். ரெய்ஷித் தூள் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை ஹாங்காங்கில் 2004-லும் தாய்லாந்தில் 2007-லும் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள், தாய்லாந்துக்காரர் பிழைக்கவில்லை. அரிதான சம்பவம்தான். ஆனாலும் பசியே எடுக்காமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போய், கண் மஞ்சளானால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சிறுநீரகம். சாகாவில் ஆக்ஸலேட் மிக அதிகம்; சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய பொருள் அது. ஜப்பானில் 72 வயது அம்மா ஒருவர் ஆறு மாதம் தினம் நாலைந்து கரண்டி சாகாத் தூள் சாப்பிட்டு, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனது 2014-ல் வெளியானது. இங்கே கோடையில் வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிப்பது குறையும், கல் அடைப்பு பல வீட்டில் உண்டு. கல் வந்தவருக்கும், சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் ஏறியவருக்கும் சாகா கூடவே கூடாது.

சாப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தால்

ஒரு நேரத்தில் ஒரே காளான். "பத்துக் காளான் கலவை" என்று விற்பதில் ஒவ்வொன்றும் 50 மி.கி. இருக்கும், ஒன்றாலும் பயன் வராது, அரிப்பு வந்தால் எதனால் என்றும் தெரியாது. தொடங்கும் முன் ரத்தச் சர்க்கரை, கல்லீரல் சோதனை, கிரியாட்டினின் மூன்றும் எடுத்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். முதல் வாரம் பாதி அளவு, சாப்பாட்டுக்குப் பின். வயிறு பொருமல், தளர்ந்த பேதி, வாய் வறட்சி இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரியும். தோலில் தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் நிறுத்த வேண்டியதுதான். சுகர் மாத்திரை எடுப்பவர் முதல் இரண்டு வாரம் அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். மாத்திரையைத் தானாகக் குறைக்கக் கூடாது.

எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை நோட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்: "பேர் மறந்துபோவது வாரத்தில் இத்தனை முறை", "இரவில் இத்தனை முறை விழிப்பு". "உடம்பு தெம்பா இருக்கு" என்பதை அளக்க முடியாது. ஆறாவது வாரம் கல்லீரல் சோதனை மறுபடி. 16-ஆவது வாரம் நோட்டைப் பார்த்துவிட்டு, எண் மாறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே காலண்டரில் குறிக்காதவர்கள் பழக்கத்தில் வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

தூள் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் மூடி சரியாக மூடாத டப்பாவில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தூள் கட்டியாகும். கட்டி தட்டியதையும் பூஞ்சை வாடை வருவதையும் கொட்டிவிடுங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியும் ஆகாது, தினம் எடுத்து வைக்கும் ஃபிரிட்ஜும் ஆகாது. உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேப்சூல் காசுக்குச் சமையல் காளான்

எங்கள் கணிப்பில் பெரும்பாலோருக்கு இதுவே மேல். சிங்கப்பூரில் 60 வயது தாண்டிய 663 சீனர்களைக் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், வாரம் 300 கிராமுக்கு மேல் சமைத்த காளான் சாப்பிட்டவர்களுக்கு லேசான மறதி நோய் பாதி அளவே காணப்பட்டது. காளானால்தான் என்று அது நிரூபிக்கவில்லை. காளான் சாப்பிடுகிறவர் மற்றதையும் நன்றாகச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பிட்டவற்றில் சிப்பிக் காளானும் பட்டன் காளானும் இருந்தன. 200 கிராம் பாக்கெட் வாரம் இரண்டு வாங்கினால் அந்த அளவை ஓரளவு நெருங்கலாம், சமைத்தால் எடை குறையும். நம் வெயிலுக்கு வசதியானது பால் காளான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏபிகே 2 ரகம் 30 டிகிரிக்கு மேலான சூட்டிலும் நன்றாக வளரும்.

காளானில் வைட்டமின் டி-யையும் ஏற்றிக்கொள்ளலாம். எர்கோஸ்டெரால் என்ற பொருள் அதில் இயற்கையாக உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது டி2 ஆகும். வத்தல் காயப்போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. காளானை மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, மடிப்புள்ள உட்பக்கம் மேலே பார்க்கும்படி தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, காலை 11-க்கும் மதியம் 2-க்கும் நடுவே மொட்டை மாடியில் ஒரு மணி நேரம். கொசுவலைத் துணி போர்த்தலாம். கண்ணாடி கூடாது: அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. மேலே கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தில் காயவைத்தால் காளான் காயும், வைட்டமின் வராது. ஒரு மணி நேரத்தில் 100 கிராமில் சுமார் 10 மைக்ரோகிராமாவது உருவாகும்; பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் ஒருநாள் தேவை 15. ரத்தச் சோதனையில் டி மிகவும் குறைவு என்று வந்தவர் டாக்டர் தந்த டி3-யையே தொடர வேண்டும், இது அதற்கு ஈடாகாது.

அன்றைக்கே சமைக்கலாம். இல்லையென்றால் இரண்டு நாள் சுள்ளென்ற வெயிலில், ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். கிலோவுக்கு 100 கிராம் தேறும்.

சமைக்கும்போது மூடிபோடாமல், இருப்புச் சட்டியில் முதலில் காளானை மட்டும் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். உப்பை முதலிலேயே போட்டால் தண்ணீர் ஒரேயடியாக விட்டு, வதங்காமல் வெந்து ரப்பராகும். வற்றியபின் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், இடித்த மிளகு, சோம்பு. மொத்தம் 12 நிமிடம். ஷிட்டாக்கே கிடைத்தால் அரை மணி ஊறவைத்து, நன்றாகக் கொதிக்க வேகவையுங்கள். அரைவேக்காடாகச் சாப்பிட்ட சிலருக்கு ஓரிரு நாளில் முதுகெல்லாம் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடு விழுந்து அரிக்கும். உள்ளே இருக்கும் லென்டினான் சரியாக வேகாததால் வருவது.

மழைக்குப் பின் புற்றோரம் முளைப்பதை, தலைமுறையாகப் பறித்து அடையாளம் தெரிந்தவர் காட்டினாலொழியத் தொடாதீர்கள். வெள்ளி நாணயம் கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் விஷக் காளானைக் காட்டாது.